பந்தில்லாமல் பழகிய மாதம்

வலைப்பந்தாட்டத்தில் நான் கோல் கீப்பர். எதிரணிப் பிள்ளை வளையத்துக்குள் பந்தைப் போட்டுவிடாமல் அவளுக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் வேலை. மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். தொடக் கூடாது, தள்ளக் கூடாது. முறைக்கலாம். முறைப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. வீட்டில் நான் மூத்தவள். கையும் நீளம், வாயும் நீளம். எங்களைப் பழக்கிய ரீச்சர் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, முன்னும் பின்னும் ஜி.கே. என்று எழுத்துத் தைத்த மேற்சட்டையைத் தூக்கித் தந்தார். மறுபேச்சு இல்லை.

எங்கள் அணியில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. மேற்சட்டையில் என்ன எழுத்தோ அதுதான் பெயர். கிணற்றடியிலும் வகுப்பிலும் அப்படியே. நடுவில் ஆடுகிறவளை “எடி சென்ரர், உன்ர அம்மா தேடுறா” என்று வீதியில் நின்று கத்தினாலும் யாருக்கும் சிரிப்பு வராது. வளையத்தடியில் கீறிய வட்டத்துக்குள் நின்று பந்து போட இரண்டு பேருக்குத்தான் உரிமை. ஒருத்தி சூட்டர். மற்றவள் அவளுக்குத் துணையாக நிற்கும் அட்டாக். இந்தக் கதை எங்கள் சூட்டரைப் பற்றியது.

சண்டைக்குத் தப்பிக் கிளிநொச்சிப் பக்கம் முழுவதும் எழும்பி மல்லாவிப் பக்கம் வந்திருந்த காலம் அது. காலையில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் நடக்கும். மத்தியானத்துக்குப் பிறகு அதே கட்டடத்தில், போதாததற்கு மரத்தடிகளிலும், எங்கள் பள்ளிக்கூடம் நடக்கும். பள்ளி விட்ட பிறகு வெளிச்சம் இருக்கும் மட்டும் மைதானம் எங்களுக்கு. பாலைமரக் கம்பு நட்டு, இரும்புக் கம்பியை வளைத்து உச்சியில் கட்டியிருந்தோம். வளையத்தில் வலை கிடையாது. பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று சண்டை பிடிப்பதற்கு அது நல்ல வசதி.

ரீச்சர் வணிகக்கல்வி படிப்பிக்கிறவர். வலைப்பந்து அவர் தலையில் விழுந்தது. சின்ன வயதில் விளையாடியவராம். விதிகள் அத்தனையும் மனப்பாடம், ஆனால் ஓடச் சொன்னால் செருப்பைக் காரணம் காட்டுவார். நல்ல மனுசி. கோபம் வந்தால் மட்டும் குரல் அடுத்த குளம் வரைக்கும் கேட்கும்.

சூட்டர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்தவள். வேதக்காரப் பிள்ளை, மாதா கோயிலுக்குப் போகிறவள்; தகப்பன் கடலில் தொழில் செய்தவர். அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் இடம்பெயர்ந்தவர்கள்தான். ஆனால் இடம்பெயர்ந்தவர்களுக்குள்ளும் மேல் கீழ் இருந்தது. உருத்திரபுரத்திலிருந்து நாங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டை, அலுமாரி, கோழிக்கூடு என்று ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் உடுத்த உடுப்போடு ஓடிவந்தவர்கள். வலையும் வள்ளமும் கரையில் எரிந்துபோயின. வயல் சேற்றில் கால் வைத்தறியாத அவளுடைய தகப்பன் இங்கே மற்றவர்களின் வயலில் கூலிக்கு இறங்கினார். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அவளை “கடற்கரை” என்று கூப்பிடுவார்கள். அவள் பேசுவதைப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. அப்பாவின் ஆட்கள் மலைநாட்டிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து, உருத்திரபுரத்தில் காடு வெட்டி வயலாக்கியவர்கள். எங்களையும் ஒரு காலத்தில் ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டவர்கள்தான். அப்படிக் கூப்பிடும்போது உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் அணிக்கு மட்டும் அவள் சூட்டர். ஜி.எஸ். என்ற அந்த இரண்டு எழுத்துகள் போட்ட சட்டையைத் தவிர, அந்த ஊரில் அவளுடையது என்று சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை. அதனால் அவள்மேல் எனக்குப் பரிதாபம். அதே அளவு கோபமும் வரும். எனக்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் வரும்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. தனியாக நின்று எறிந்தால் அவள் பந்து தப்பாது. வளையத்தைச் சுற்றி எந்தப் பக்கத்தில் நின்றாலும் உள்ளே போகும். நான் போய் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவுடன் முதலில் அவள் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறும். பிறகு தாடை இறுகும். எறிந்தால் பந்து வளையத்தை எட்டாமல் விழும். மாச்சில் இன்னும் மோசம். எறிவதே இல்லை. பந்தைப் பிடித்த கையோடு அட்டாக்கிடம் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு ஆடிய மாச்சில் அட்டாக்குக்கே பொறுமை போய்விட்டது.

“எனக்கு ஏன் தாறாய்? நீதானே சூட்டர்!” என்று அத்தனை சனத்துக்கும் நடுவில் கத்தினாள்.

அன்றைக்குத் தோற்றோம். ரீச்சர் எங்களை வரிசையாக உட்காரவைத்து, அவளை மட்டும் எழுப்பினார்.

“பந்து உள்ளுக்குப் போகாட்டில் பறவாயில்லை. அது எல்லாருக்கும் வாறதுதான். எறியவே மாட்டன் எண்டால் உன்னை ஏன் அந்த வட்டத்துக்குள்ள விட்டு வைச்சிருக்கிறன்? வாற மாதம் மாச் இருக்கு. அதிலயும் உப்பிடித்தான் எண்டால் அந்தச் சட்டையை வேற ஆளிட்டக் குடுப்பன். விளங்குதோ?”

“ஓம் ரீச்சர்” என்றாள். தோள் இரண்டும் காதருகில் நின்றன.

அவளுடைய தாய்க்குக் கரையை விட்டு வந்த நாளிலிருந்து ஒழுங்கான நித்திரை இல்லை. மாதா கோயில் கொட்டிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு சிஸ்டர் வந்து, அப்படிப்பட்ட தாய்மாருக்கு ஒரு பயிற்சி கொடுப்பார். தளர்வுப் பயிற்சி என்று பெயர். பாயில் நிமிர்ந்து படுக்க வேண்டும். கால்விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இடமாக இறுக்கிப் பிடித்து, பிறகு விட வேண்டும். மூச்சை மெதுவாக எடுத்து இன்னும் மெதுவாக விட வேண்டும். நாலு பேருக்கு முன்னால் படுப்பதற்கு முதல் கிழமை எல்லோருக்கும் வெட்கமாம். அடுத்த கிழமை பாதிப் பேர் குறட்டையாம். தாய்க்குத் துணையாகப் போனவள் தானும் ஒரு பாயில் படுத்திருக்கிறாள். திங்கட்கிழமை வந்து என்னிடம் சொன்னாள்.

“தோளை இறுக்கிப்போட்டு விட்டுப் பாத்தனான். விட்டாப் பிறகுதான் அது முந்தியே இறுகிக் கிடந்ததெண்டு தெரியுது.”

“அதுக்கு?”

“பந்து எறியேக்கையும் அப்பிடித்தான் இருக்குமெண்டு நினைக்கிறன். இறுகிக் கிடக்கிறது எனக்குத் தெரியிறதில்லை.”

“படுத்துக் கிடந்து பந்து போடலாமெண்டால், எங்கட வீட்டு நாய் எப்பவோ இலங்கை அணிக்கு விளையாடியிருக்கும்” என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் அடுத்த நாள் மைதானத்தின் ஓரத்தில் தோளை ஏற்றி ஏற்றி இறக்கிக்கொண்டு நின்றாள்.

அந்தக் கிழமையில்தான் பந்து செத்தது. அது ஏற்கனவே பாதி செத்த பந்துதான். சைக்கிள் ரியூப் துண்டுகளால் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஒரு பக்கம் பாரமாகிவிட்டது. நிலத்தில் குத்தினால் முழங்காலுக்கு வராது. எறிந்தால் நடுவானில் மனம் மாறி வேறு பக்கம் போகும். அட்டாக் கைதவறி வேலிப்பக்கம் எறிந்தாள். விடத்தல் முள்ளில் போய்க் குந்தியது. சைக்கிள் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தங்கச்சியவை, இதில இனி ஒட்டுறதுக்கு இடமில்லை. ஒட்டுக்கு மேலதான் ஒட்டோணும். ஒட்டுற சொலூசனும் என்னட்ட இல்லை.”

பற்றறிக்கும் சவர்க்காரத்துக்குமே அரசாங்கம் தடை போட்டிருந்த காலத்தில் பந்துக்கு எங்கே போவது? ஓமந்தைக்கு அங்கால், ஆமியின் பக்கம் இருந்த வவுனியாக் கடைகளில் பந்துகளை வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். எங்களுக்கு வவுனியாவும் லண்டனும் அப்போது ஒரே தூரம். ரீச்சர் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஆள் அனுப்பிப் பார்த்தார். எல்லோரும் தங்கள் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாச் நடத்துகிறவர்களிடம் அன்றைக்கு ஒரு பந்து இருக்கும், அது போதும் என்று விட்டுவிட்டார். அதுவரைக்கும் எங்களை ஓடச் சொன்னார். ஓடினோம். ஓடி ஓடி அலுத்துப்போய் ஒருநாள் வளையத்தடியில் குந்தியிருந்தபோது சூட்டர் எழும்பினாள்.

“பந்து இல்லாட்டிலும் எறியலாம்.”

“விசரே உனக்கு?”

“நீ வந்து முன்னால நில்லு.”

நின்றேன். கையைத் தூக்கினேன். அவள் இரண்டு கையையும் குவித்து, வெறுங்காற்றைத் தலைக்கு மேலே தூக்கி, முழங்காலை மடித்து, எறிந்தாள். கண்ணால் அது போவதைப் பார்த்தாள். முகம் விழுந்தது.

“கட்டை” என்றாள்.

“என்ன கட்டை?”

“எட்டேல்லை. கம்பிக்கு முன்னால விழுந்திட்டுது.”

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். “எடியே, இல்லாத பந்தைக்கூடவோ உனக்குப் போடத் தெரியாது? ஆர் உன்னைக் கேக்கப் போகினம்? உள்ளுக்குப் போட்டுதெண்டு சொல்லிப்போட்டுப் போவன்!”

அவள் சிரிக்கவில்லை. “பொய் சொல்ல ஏலாது. எனக்குத் தெரியுதே. நீ கொஞ்சம் அங்கால போ.”

போனேன். மறுபடி எறிந்தாள். “இப்ப போட்டுது” என்றாள். நான் திரும்பி வந்து கையைத் தூக்கினேன். எறிந்தாள். “கட்டை.”

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் முன்னால் நின்றால் மனதுக்குள்கூட இந்தப் பிள்ளைக்குப் பந்து போகவில்லை. நினைப்பில் எறிகிற பந்தைக்கூட அவளால் தன் பக்கம் சாய்க்க முடியவில்லை. என் கையா அவளை மறித்தது? அவள் ஊரிலிருந்து ஓடிவந்த வழியெல்லாம் யார் யாரோ தூக்கிய கைகள் அவை என்று எனக்குப் பட்டது. அதை அவளுக்குக் காட்டாமல், “சரி, திருப்பி எறி” என்று அதட்டினேன்.

அப்படித்தான் பந்தில்லாத பயிற்சி தொடங்கியது. பந்து கைக்கு வந்தால் மூன்று விநாடிக்குள் எறிய வேண்டும் என்பது விதி. ரீச்சர் பக்கத்தில் நின்று கை தட்டுவார். சூட்டர் முதலில் சிஸ்டர் சொன்னபடியே எல்லாவற்றையும் செய்யப் பார்த்தாள். தோளை இறுக்கினாள், விட்டாள், மூச்சை எடுத்தாள், விட்டாள், இடையில் நெற்றியில் ஒரு சிலுவையும் போட்டாள். “விசில்! மூண்டு விநாடி முடிஞ்சுது!” என்று ரீச்சர் கத்தினார். “மாதாவை வீட்டில கும்பிட்டுப்போட்டு வா. இஞ்ச நேரமில்லை.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். சிலுவை பந்து வருவதற்கு முன்னால் முடிந்துவிடும். மூச்சு வெளியே போகும்போதே முழங்கால் மடியும். மூச்சு முடியும் இடத்தில் கை எழும். என் கையைப் பார்க்காமல் வளையத்தின் பின்விளிம்பை மட்டும் பார்க்கப் பழகினாள். வீட்டில் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டும் எறிவாளாம். தாய் தளர்வுப் பயிற்சி செய்ய, பக்கத்தில் மகள் படுத்துக்கொண்டு பந்து போட்டிருக்கிறாள். மகள் போடுகிற பந்தை எண்ணிக்கொண்டு கிடந்ததில் தாய்க்குத்தான் முதலில் நித்திரை வந்ததாம்.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. முழு அணியும் இல்லாத பந்தை எறிந்து பிடித்து ஓடியது. மாடு மேய்க்கிறவர்கள் வேலியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிடிக்காத பந்தைப் பிடித்தேன் என்று யாராவது சொன்னால் பெரிய சண்டை. ஒருநாள் ஆட்டம் நடுவில் கிபிர் விமானச் சத்தம் கேட்டு எல்லோரும் பதுங்குகுழிக்குள் விழுந்தடித்து இறங்கினோம். சத்தம் தூரப்போன பிறகு பார்த்தால், சென்ரர் இரண்டு கையையும் மார்போடு சேர்த்து எதையோ அணைத்துக்கொண்டு குந்தியிருக்கிறாள்.

“உதென்னடி?” என்றார் ரீச்சர்.

“பந்து” என்றாள்.

பயத்தில் வெளிறிப்போயிருந்த அத்தனை பேரும் அந்தக் குழிக்குள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்குப் பிறகு நான் எங்கேயும் அப்படிச் சிரித்ததில்லை.

மாச்சுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது எனக்கும் சூட்டருக்கும் சண்டை வந்தது. அவள் எறிந்தாள், நான் எழும்பிக் கையை வீசினேன்.

“தடுத்திட்டன்” என்றேன்.

“இல்லை. உன்ர கைக்கு மேலால போய் உள்ளுக்கு விழுந்திட்டுது.”

“என்ர கையில பட்டதடி! எனக்குத் தெரியாதோ?”

“படேல்லை. நான் பாத்தனான்.”

“இல்லாத பந்தை நீ என்னெண்டு பாத்தனி?”

“நீ என்னெண்டு தடுத்தனி?”

இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். எனக்குப் பொறுக்கவில்லை. நானே போய் நின்று நின்று பழக்கிய பிள்ளை என்னோடு வாய் காட்டுகிறாளே என்று குசினியில் சட்டி பானையெல்லாம் சத்தம் போட வைத்தேன். அம்மா என்னவென்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதுதான் எனக்கே உறைத்தது. இவ்வளவு நாளும் “கட்டை, கட்டை” என்று சொன்னவள், இன்றைக்கு என் கைக்கு மேலால் போட்டேன் என்று சண்டைக்கு வருகிறாள். நாய் மாதிரிக் குரைத்துவிட்டு வந்திருக்கிறேன், கட்டிப்பிடித்திருக்க வேண்டும். அடுத்த நாள் போய், “சரி, போட்டுது” என்றேன். “எனக்குத் தெரியும்” என்று முகத்தை நீட்டினாள்.

மாச் புதுக்குடியிருப்புப் பக்கத்தில். உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனோம். மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரம் வழிநெடுக இருமிக்கொண்டே போனது. அவள் ஒரு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். யாரும் அவளோடு கதைக்கவில்லை. தோள் கீழே இருந்ததை மட்டும் நான் கவனித்தேன்.

மைதானத்தில் எங்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்ததாம், புத்தம்புதுப் பந்து. ஒரு ஒட்டு இல்லை. விரலால் தட்டினால் டங் என்றது. நிலத்தில் குத்தினால் நெஞ்சுக்கு வந்தது. சென்ரர் அதை மணந்து பார்த்தாள். எல்லோருக்கும் வாயெல்லாம் பல்.

கோல் கீப்பர் தன் பக்கத்து முனையை விட்டு நகர முடியாது, அது விதி. எங்கள் சூட்டர் நிற்கும் இடம் மைதானத்தின் மறுமுனை. அதனால் அவளை நான் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். முதல் பந்து அவளுக்கு வந்தது. முன்னால் நின்ற பிள்ளை என்னைவிட உயரம். தோள் ஏறவில்லை. திருப்பிக் கொடுக்கவில்லை. எறிந்தாள்! நான் இங்கே நின்று துள்ளினேன். பந்து வளையத்துக்கு மேலாலே பறந்து வெளியே போய் விழுந்தது.

அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. முந்தியெல்லாம் எட்டாமல் விழும். இன்றைக்கு ஒவ்வொன்றும் வளையத்தைத் தாண்டிப் பறக்கிறது. சனம் சிரிக்கத் தொடங்கியது. “பிள்ளை குருவிக்கு எறியுது” என்று யாரோ சொன்னது என் காதுவரை கேட்டது. அவள் எறிகிற விதத்தில் ஒரு பிழையும் இல்லை. மூச்சு, முழங்கால், கை எல்லாம் நாங்கள் பழகியபடியே. பிறகு ஏன் போகிறதில்லை?

பாதி ஆட்டம் முடியும் தறுவாயில், அந்தப் பந்து என் கையில் விழுந்தபோதுதான் விளங்கியது. இறகு போல இருந்தது. இவள் ஒரு மாதமாக மனதுக்குள் எறிந்தது எந்தப் பந்தை? எங்கள் பந்தை. காற்றுப் போன, ஒட்டுப்போட்ட, ஒரு பக்கம் பாரமான அந்தப் பந்தை. அதைத் தவிர வேறு பந்தை அவளுக்குத் தெரியாது. அதற்குத் தேவையான பலத்தோடு இதை எறிகிறாள். நினைப்பதைக்கூடப் பொய்யில்லாமல் நினைத்த பிள்ளைக்கு வந்த வினை.

இடைவேளைக்கு நான் ஓடிப்போய்ச் சேர முன்னம் ரீச்சர் அவளுடைய சட்டையின் நாடாவைப் பிடித்துவிட்டார். “கழட்டு. அட்டாக் சூட்டராப் போகட்டும்.”

“ரீச்சர், வேண்டாம்!” என்று மூச்சு வாங்கக் கத்தினேன். “அவள் எறிஞ்சவள் ரீச்சர். ஒண்டையும் திருப்பிக் குடுக்கேல்லை. நீங்கள் அதைத்தானே சொன்னனீங்கள்?”

“எறிஞ்சு என்ன? எல்லாம் வானத்துக்குப் போகுது.”

“அவள் எங்கட பந்தை எறியிறாள் ரீச்சர். இது வேற பந்து.”

“எங்கட பந்து முள்ளுக் குத்திச் செத்துப்போச்சு.”

“செத்தது வெளியில. அவளின்ர தலைக்குள்ள அதுதான் கிடக்கு.”

ரீச்சர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. நடுவர் அக்காவிடம் போய், “கொஞ்சநேரம் தாங்கோ” என்று பந்தைக் கேட்டு வாங்கி வந்தாள். மணலில் சப்பாணி கட்டி இருந்து, அதை மடியில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் சுற்றிவரத் தடவினாள். தூக்கிப் பார்த்தாள், மடியில் விட்டாள். கண்ணை மூடினாள். தோளை ஒருமுறை ஏற்றி விட்டாள். பிறகு அசையவே இல்லை. விரல் மட்டும் பந்தின்மேல் லேசாக மடிந்து விரிந்தது. எதிரணிப் பிள்ளைகள், “பூசை நடக்குதோ?” என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் அவர்களை முறைத்தேன். ரீச்சர் சட்டை நாடாவிலிருந்து கையை எடுத்தார்.

“எறி, பாப்பம்” என்றார்.

இரண்டாம் பாதியில் அவள் எறிந்த முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. அடுத்தது உள்ளே. பிறகும் உள்ளே. எல்லாம் போனது என்று சொல்ல மாட்டேன், போகாததும் இருந்தது. ஆனால் சனத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. முன்னால் நின்ற உயரமான பிள்ளை துள்ளித் துள்ளிக் களைத்துப்போனாள். கணக்கு நெருங்கி, கடைசியில் நாங்கள் ஒன்று பின்னால் நின்றோம். நேரம் முடியப்போகிறது என்று ஓரத்தில் நின்றவர்கள் கத்தினார்கள். பந்து அவள் கைக்கு வந்தது.

நல்ல இடமில்லை. வட்டத்தின் ஓரம். அவளுக்கு முன்னால் இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வளையத்துக்குக் கிட்ட அட்டாக் தனியாக நின்று, “தா! தா!” என்றாள். “குடு பிள்ளை, குடு!” என்று கத்தினார் ரீச்சர். எறியாவிட்டால் சட்டையைக் கழற்றுவேன் என்ற அதே ரீச்சர். சனமும் கத்தியது. நானும், உண்மையைச் சொன்னால், மறுமுனையில் நின்று “குடடி!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவள் குடுக்கவில்லை. மூச்சை விட்டாள். முழங்கால் மடிந்தது. எறிந்தாள்.

பந்து வளையத்தின் பின்விளிம்பில் பட்டு, மேலே ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது. விசில் ஊதியது. தோற்றோம்.

அவள் மறுமுனையிலிருந்து மைதானம் முழுவதையும் நடந்து என்னிடம் வந்தாள். எனக்கு வாயில் ஏச்சு வந்து நின்றது. பக்கத்தில் நின்றவளுக்குக் கொடுத்திருந்தால் சமநிலை. கிட்ட வந்த பிறகு முகத்தைப் பார்த்தேன். வியர்த்து வழிந்தது. அழவில்லை.

“எறிஞ்சனான்” என்றாள். “பாத்தனியே? எல்லாரும் குடு குடு எண்டவை. நான் எறிஞ்சனான்.”

“பாத்தனான்” என்றேன். ஏச்சு எங்கே போனதென்று தெரியவில்லை.

ரீச்சர் மேற்சட்டைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார். என்னுடையதை வாங்கினார். அவளிடம் வந்ததும் நின்றார். அவள் தானாகவே நாடாவை அவிழ்க்கப் போனாள்.

“போகேல்லை ரீச்சர்.”

“ஓம், போகேல்லை” என்றார் ரீச்சர். குரல் கத்திக் கத்திக் கம்மிப்போயிருந்தது. “அடுத்த மாச்சிலயும் நீதான் எறியிறாய்.”

அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள். தேம்பித் தேம்பி, என் தோளில் முகத்தை வைத்து. எனக்கும் தாங்க முடியவில்லை. இரண்டு பேரும் நின்று அழுததைப் பார்த்து எதிரணிப் பிள்ளைகளுக்கு மனம் கேட்கவில்லை. அந்த உயரமான பிள்ளை ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, “ஒரு கோல்தானே அக்கா, அழாதேங்கோ” என்று நீட்டினாள். தோற்றதற்கு அழுகிறோம் என்று நினைத்துவிட்டாள். நாங்கள் திருத்தவில்லை. வாங்கி மாறி மாறிக் குடித்தோம்.